ஒரு சாமம் காவல், மூன்று சாமம் ஓய்வு

இன்றைக்கு இரவு பத்து மணிக்குப் படுக்கலாம். நாளைய இரவில் படுக்கை கிடைக்கும்போது அதிகாலை இரண்டு மணி ஆகியிருக்கும். ஆனாலும் விடிந்ததும் மற்றவர்களோடு எழுந்து வேலைக்கு நிற்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்குக் காவல் முடிந்ததும் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்போதே கண்ணை மூடியாக வேண்டும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அப்படி எழுந்தால் அடுத்துத் தலை சாய்ப்பது அன்றிரவு பத்து மணிக்கு. இருபது மணி நேரத்துக்கும் மேல் விழிப்பு. இதோடு ஒரு சுற்று முடிகிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து, மாதக்கணக்கில்.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பலவற்றில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த காவல் முறை இது. ஐந்து மணி நேரம் காவல், பத்து மணி நேரம் ஓய்வு. மாலுமிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘ஃபைவ் அண்ட் டைம்’. ஒரு நாளை ஐந்து காவல் நேரங்களாகப் பிரிப்பார்கள்; நான்கு காவல்கள் தலா ஐந்து மணி நேரம், ஒன்று மட்டும் நான்கு மணி நேரம். மூன்று குழுக்கள் மாறி மாறி நிற்கும். ஐந்தை மூன்றால் வகுத்தால் மீதி வருமே, அந்த மீதிதான் படுக்கை நேரத்தை ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிக்கொண்டே போகிறது.

பத்து மணி நேர ஓய்வு என்பதும் பெயரளவுக்குத்தான். இயந்திரப் பராமரிப்பு, தீயணைப்புப் பயிற்சி, சுத்தம் செய்வது, நடுக்கடலில் எரிபொருள் ஏற்றுவது எல்லாம் அந்தப் பத்து மணி நேரத்துக்குள்தான் நடக்கும். மாலுமி வாரத்துக்கு 80 மணி நேரம் உழைப்பார் என்று கடற்படை போட்டிருந்த கணக்கு, அதே கடற்படை 2014-இல் ஆய்வு செய்தபோது 108 மணி நேரமாக இருந்தது. வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம். கழித்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரம் மிஞ்சும். சாப்பாடு, குளியல், வீட்டுக்கு ஒரு வரி எழுதுவது, தூக்கம் எல்லாம் அதற்குள்.

2017 ஜூன் 17 அதிகாலை ஒன்றரை மணி. ஜப்பானின் ஈசு தீபகற்பத்துக்குத் தெற்கே யு.எஸ்.எஸ். ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற டெஸ்ட்ராயர் போர்க்கப்பலும் ஏ.சி.எக்ஸ். கிரிஸ்டல் என்ற சரக்குக் கப்பலும் மோதின. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு தங்கும் கூடத்தில் 35 மாலுமிகள் இருந்தார்கள். கடல் உள்ளே பாய்ந்தது. 28 பேர் வெளியே வந்தார்கள். ஏழு பேர் வரவில்லை. இரண்டு மாதம் கடந்து சில நாட்களே ஆகியிருந்தபோது, ஆகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூருக்கு அருகே யு.எஸ்.எஸ். ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். இரண்டும் ஏவுகணைகளையே வழிமறித்து வீழ்த்தக்கூடிய கப்பல்கள். எதிரே வந்தவையோ பூதாகாரமான வணிகக் கப்பல்கள், கண்ணுக்குத் தெரியாதவை அல்ல.

விசாரணைகள் பல குறைகளைப் பட்டியலிட்டன. பயிற்சி போதவில்லை, ரேடாரைச் சரியாகப் பார்க்கவில்லை, சுக்கான் திரையில் குழப்பம். அந்த வரிசையில் களைப்பும் இருந்தது. ஒரு மாலுமி தூங்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு எங்கும் இல்லை. மாலுமிகள் தூங்க முடியாதபடி கப்பல் நடத்தப்பட்டது என்பதுதான் கண்டுபிடிப்பு. ராணுவத் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இந்த வேறுபாடு. நமக்குத் தூக்கம் கெட்டால் டாக்டரோ வீட்டுப் பெரியவர்களோ புத்தி சொல்லலாம்: சீக்கிரம் படு, போனை எடுத்து வை. கப்பலிலும் பாசறையிலும் இருப்பவருக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. எப்போது படுப்பது என்பதை முடிவு செய்கிறவர் அவர் இல்லை.

உடல் இந்தக் கால அட்டவணைக்குப் பழகிக்கொள்ளாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒருவர் குகைக்குள்ளேயே போய்ப் படுத்தார். நத்தானியேல் கிளைட்மன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர். 1938-இல் புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற மாணவரையும் அழைத்துக்கொண்டு கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் இறங்கி 32 நாள் தங்கினார். உள்ளே வெயில் இல்லை, இரவு இல்லை. கோடையும் குளிரும் இல்லாமல் எப்போதும் சுமார் 12 டிகிரி. அங்கே 28 மணி நேர நாள் ஒன்றை உருவாக்கி வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞர் ரிச்சர்ட்சன் ஒருவாறு பழகிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடல் மசியவில்லை. குகைக்குள் எந்த அட்டவணையைப் போட்டாலும் அவருடைய உடல் வெப்பம் வெளியுலகின் 24 மணிக்கே ஏறி இறங்கியது.

கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. மனிதர்களில் அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அந்தச் சில நிமிடப் பிசகைச் சரிசெய்துகொள்ளும். நாளுக்கு ஓரிரு மணி நேரம் நகர்த்தினால் தள்ளாடியபடி பின்னால் வரும். இன்று இரவு பத்து, நாளை அதிகாலை இரண்டு, மறுநாள் மாலை ஏழு என்று இழுத்தால் அது எந்த அட்டவணையையும் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஓடும். அதிகாலை நான்கு மணிக்கு உடல் வெப்பம் அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில் மாலுமி ரேடார் முன்னால் நிற்பார். உடல் நன்றாக விழித்திருக்கும் மாலையில் படுத்துப் புரள்வார்.

கிளைட்மன் பின்னாளில் நீர்மூழ்கிக் கப்பல்களின் காவல் நேரங்களையும் ஆராய்ந்து யோசனை சொன்னார். 1953-இல் அவருடைய ஆய்வகத்தில்தான் ‘ரெம்’ உறக்கம், அதாவது கண்மணிகள் வேகமாக உருளும் கனவு நேர உறக்கம், கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அமெரிக்க நீர்மூழ்கிகள் பல பத்தாண்டுகள் 18 மணி நேர ‘நாளில்’ ஓடிக்கொண்டிருந்தன: ஆறு மணி காவல், பன்னிரண்டு மணி மற்றவை. 24 மணி நேரச் சுற்றுக்கு அவை பரவலாக மாறியது 2014 வாக்கில். அறிவியல் கண்டுபிடித்ததற்கும் ராணுவம் கையெழுத்துப் போட்டதற்கும் இடையே ஒரு மனித ஆயுள் கழிந்திருக்கிறது.

நீர்ப்பரப்பில் ஓடும் கப்பல்களில் இந்தப் போராட்டத்தை நடத்தியவர் நீட்டா லூயிஸ் ஷாட்டக். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரிப் பேராசிரியர். மாலுமிகளின் மணிக்கட்டில் அசைவைப் பதிவு செய்யும் பட்டைகளைக் கட்டிவிட்டு, அவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்று வாரக்கணக்கில் அவருடைய குழு பதிவு செய்தது. யு.எஸ்.எஸ். நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் அணு உலைப் பிரிவில் செய்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்துக்குப் பத்து முறையில் இருந்தவர்கள் நாளுக்குக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நாட்கள் போகப் போக அவர்களுடைய மனநிலை சரிந்தது. எதிர்வினை வேகமும் குறைந்தது. ஏழு மணி நேரம் ஏழு மணி நேரம்தான். அது எப்போது கிடைத்தது என்பதில்தான் கோளாறு.

மாற்றாக அவர் முன்வைத்தது மூன்று மணி நேரம் காவல், ஒன்பது மணி நேரம் ஓய்வு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு நாளுக்கு எட்டுச் சாமம், சாமத்துக்கு மூன்று மணி நேரம். ஒரு சாமம் காவல் நின்றால் மூன்று சாமம் விடுப்பு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிவதால் ஒரு மாலுமிக்குக் காவல் தினமும் ஒரே நேரத்தில் வரும். நள்ளிரவு முதல் மூன்று மணி வரை நிற்கிறவருக்குத் தினமும் அதே நேரம்தான். பாவம் என்று தோன்றலாம். ஆனால் அந்த நேரம் நகராது என்பதால் உடலின் கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். கூர்க்காக்களும் நாளிதழ் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கிறவர்களும் இதை ஆய்வுக்கட்டுரை இல்லாமலே அறிவார்கள்: நிரந்தர இரவு வேலையைச் சமாளிக்கலாம், வாராவாரம் மாறும் ஷிஃப்டுதான் ஆளைத் தின்னும்.

தூக்கக் குறைவின் மோசமான குணம், அது தன்னை மறைத்துக்கொள்வது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கெஸ் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஆரோக்கியமான பெரியவர்கள் 48 பேர். ஒரு குழுவுக்கு எட்டு மணி நேரப் படுக்கை, ஒரு குழுவுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு, பதினான்கு நாள். அவர்களுக்குத் தினமும் தந்த சோதனை பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, அதில் ஒரு சிறு கட்டம். இரண்டு விநாடியிலிருந்து பத்து விநாடி வரை எப்போது வேண்டுமானாலும் கட்டத்தில் எண்கள் மின்னி ஓடத் தொடங்கும். பார்த்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதே வேலை. அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் தவறு என்று குறித்துக்கொள்வார்கள். நன்றாகத் தூங்கியவருக்கு இது சலிப்பூட்டும், தூங்காதவருக்கு நரகம். கண் திறந்தே இருக்கும், எண் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் மட்டும் நகராது.

ஆறு மணி நேரக் குழுவின் தவறுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் ‘எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?’ என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாக மாறவில்லை. பழகிவிட்டது என்றே நினைத்தார்கள். இதை ஒரு தளபதியின் மேல் பொருத்திப் பாருங்கள். ‘நான் நாலு மணி நேரம்தான் தூங்குவேன், எனக்கு அதுவே போதும்’ என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், அவர் சொல்வது சரியா என்று சோதிக்க வேண்டிய மூளைப் பகுதியும் தூங்காமல்தான் இருக்கிறது. அந்தப் பெருமை ராணுவத்தில் பதவி உயர்வுக்கு உதவியிருக்கிறது, அதுதான் வினோதம். எழுப்பி வைக்கிற மருந்துகளுக்கும் அங்கே நீண்ட வரலாறு உண்டு. 1940-இல் பிரான்ஸ் மீது படையெடுத்தபோது ஜெர்மானிய வீரர்களுக்குப் பெர்விட்டின் என்ற மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது. இன்றைய வடிவம் சாதுவானது: 2010-இல் ஆஃப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்க வீரர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 45 சதவீதம் பேர் தினமும் ஒரு எனர்ஜி டிரிங்காவது குடிப்பதாகச் சொன்னார்கள். மூன்றும் அதற்கு மேலும் குடிப்பவர்களில் நான்கு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்குகிறவர்கள் அதிகம் இருந்தார்கள். தூங்காததால் குடித்தார்களா, குடித்ததால் தூங்கவில்லையா என்றால் இரண்டும்தான்.

கப்பல் மோதல் கண்ணுக்குத் தெரிகிற சேதம். மனத்துக்குள் நடப்பதைக் காண வேறு வகை ஆய்வு வேண்டியிருந்தது. போருக்குப் போய் வந்தவர்களுக்குத் தூக்கம் கெடுவது புதிதல்ல. குண்டு வெடித்த காட்சி மனத்தை விட்டுப் போகாதவர் எப்படித் தூங்குவார் என்று கேட்டு விட்டுவிடுவதே வழக்கம். மனக்காயம் காரணம், தூக்கமின்மை விளைவு. வரிசை தலைகீழாகவும் இருக்கலாம் என்று சொன்னது ‘மில்லெனியம் கோஹார்ட்’ ஆய்வு. அமெரிக்க ராணுவத்தினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்யப்படும் ஆய்வு இது. ஈராக்குக்கும் ஆஃப்கானிஸ்தானுக்கும் முதன்முறையாகப் போன பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஃபிலிப் கேர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்டார்கள். புறப்படுவதற்கு முன்பே தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுக்கு, திரும்பி வந்த பிறகு பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோயும் மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. எந்த அளவுக்கு? போர்க்களத்தை நேரில் பார்த்தது கூட்டும் வாய்ப்போடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு. போரைத் தவிர்ப்பது சிப்பாயின் கையில் இல்லை. புறப்படும் முன் தூக்கத்தைச் சீர்செய்வது யாராவது ஒருவர் மனம் வைத்தால் நடக்கிற காரியம்.

நெதர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று இதே படத்தைச் சற்றுத் திருத்தி வரைந்தது. ஆஃப்கானிஸ்தானுக்குப் போன டச்சு வீரர்களிடம், புறப்படும் முன் இருந்த தூக்கமின்மை பிற்கால பி.டி.எஸ்.டி.யை முன்னறிவிக்கவில்லை, கெட்ட கனவுகள் முன்னறிவித்தன. இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டுமே இரவைத்தான் காட்டுகின்றன. பகலில் எந்தக் குறையும் தெரியாத வீரர்களிடம் இரவில் ஏதோ ஒன்று முன்கூட்டியே பழுதுபட்டிருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு மூளை ஓரளவு விடை தருகிறது. கண்ணின் வெளிக்கோடியை ஒட்டி, சில விரற்கடை உள்ளே, இருபுறமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டதும் முதலில் அலறுவது அதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அந்த அலறலைக் கேட்டு, ‘அது பாம்பு இல்லை, கயிறு’ என்று அடக்கும். முப்பத்தைந்து மணி நேரம் தூங்காமல் வைத்தவர்களுக்குக் கோரமான படங்களைக் காட்டிய 2007-ஆம் ஆண்டுப் பரிசோதனை ஒன்றில், அமிக்டலாவின் கொந்தளிப்பு மற்றவர்களைவிட 60 சதவீதம் அதிகமாக இருந்தது. நெற்றிப்பக்கத்தோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது.

இன்னொரு விஷயம் ரெம் உறக்கத்தில் நடக்கிறது. விழித்திருக்கும்போது நம்மைத் துடிப்பாக, எச்சரிக்கையாக வைக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள், ஆரோக்கியமான ரெம் உறக்கத்தில் அநேகமாக வாய்மூடிவிடுகின்றன. பகலில் பட்ட அச்சம் அந்த நேரத்தில் மறுபடி ஓடிப் பார்க்கப்படுகிறது, ஆனால் நெஞ்சுப் படபடப்பு இல்லாமல். நினைவு தங்கும், அதன் நடுக்கம் குறையும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் அந்த அமைதி வருவதில்லை. கனவு தொடங்கும், நார்அட்ரினலினும் கூடவே இருக்கும், காட்சி உச்சத்துக்குப் போகும்போது வியர்த்து விழித்துவிடுவார். பாதியில் நின்ற கனவு மறுநாள் இரவு அதே இடத்திலிருந்து வரும்.

சியாட்டிலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் மர்ரே ராஸ்கிண்ட் இதை வைத்து ஒரு வழி தேடினார். வியட்நாமிலிருந்து திரும்பி முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் அதே கனவில் அலறி எழுகிறவர்கள் அவருடைய நோயாளிகள். பிரசோசின் என்பது ரத்த அழுத்தத்துக்கான பழைய, மலிவான மாத்திரை. நார்அட்ரினலின் வந்து ஒட்டும் இடத்தை அது அடைத்துவிடும், மூளைக்குள்ளும் நுழையும். கொடுத்துப் பார்த்தார். கனவுகள் தணிந்தன. அடுத்தடுத்த சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. பிறகு 2018-இல் 304 முன்னாள் வீரர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது: வெற்று மாத்திரையைவிட பிரசோசின் மேலானதாகத் தெரியவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படாததால் பலன் தெரியாமல் போயிற்று என்கிறார்கள் ஒரு சாரார். 2023-இல் வந்த அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டுதல், கெட்ட கனவுகளுக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்று மென்மையாகச் சொல்கிறது. மருந்தியலில் இந்த மாதிரி இழுபறி சகஜம். அற்புத மாத்திரை என்று எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள், செத்த மாத்திரை என்று எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள்.

மாத்திரை இல்லாத வழி ஒன்றும் உண்டு. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, அந்தக் கெட்ட கனவை எழுதி, அதன் முடிவை விருப்பப்படி மாற்றி எழுதி, மாற்றிய கதையை மனத்துக்குள் தினமும் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. வெடிக்கவிருந்த வண்டி வெடிக்காமல் வளைவில் திரும்பிப் போகலாம். கதவைத் திறந்தால் துப்பாக்கிக்குப் பதில் அப்பா நிற்கலாம். பேரி கிராக்காவ் என்ற மருத்துவர் முதலில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் சோதித்துப் பலன் கண்ட முறை இது. பிறகு படைவீரர்களுக்கும் வந்தது.

கெட்ட கனவு இல்லாமல் வெறுமனே தூக்கம் வராமல் தவிக்கிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு முதல் சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சையின் மையக் கருத்து, கேட்ட மாத்திரத்தில் கோபம் வரவழைக்கும். தூக்கம் வரவில்லை என்று வருகிறவரிடம், படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்பார்கள். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்றால், நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது, காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். பகலில் கண் அசரக் கூடாது. படுத்துச் சற்று நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். முதல் வாரம் கொடுமையாக இருக்கும். பிறகு சேர்ந்துபோன தூக்கப் பசி ஒரே மூச்சில் ஆளை அமுக்கும். படுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தூங்கியே கழிந்ததும், கால்மணி கால்மணியாகப் படுக்கை நேரத்தைக் கூட்டுவார்கள். டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் நூறு வீரர்களிடம் செய்த ஆய்வில், இந்தச் சிகிச்சையை நேரில் பெற்றவர்களுக்கும் இணையவழியாகப் பெற்றவர்களுக்கும் பலன் கிடைத்தது. நேரில் பெற்றவர்களுக்குக் கூடுதலாக.

ஆனால் இதிலும் பாசறை குறுக்கே வருகிறது. ‘படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்’ என்பது சிகிச்சையின் முக்கிய விதி. பாசறையில் ஒரு சிப்பாய்க்குச் சொந்தம் என்று இருப்பதே அந்தக் கட்டில்தான். அதன்மேல் உட்கார்ந்துதான் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார், படம் பார்ப்பார், வீட்டுக்குப் பேசுவார். கப்பலில் இன்னும் மோசம். மூன்றடுக்குத் தட்டுகளில் ஒன்று அவருடையது. திரைச்சீலையை இழுத்துவிட்டால் அதுவே அவருடைய அறை. தூக்கம் வராமல் எழுந்து போக அங்கே இடமும் இல்லை. போனால் யாராவது ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இருந்தும் மருத்துவர்கள் தூக்கத்தைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லத் தயங்கும் வீரர், ‘தூக்கம் வரலை டாக்டர்’ என்று கூச்சமில்லாமல் சொல்வார். அந்தப் புகாரை வாசலாக வைத்து உள்ளே போகலாம். பி.டி.எஸ்.டி. சிகிச்சை வெற்றியான பிறகும் பலரிடம் தூக்கமின்மை மட்டும் மிச்சமாகத் தங்கிவிடுகிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. அதற்குத் தனியாக மருத்துவம் பார்த்தாக வேண்டும்.

எல்லாத் தூக்கக் கேட்டையும் அட்டவணையின் மேல் போட முடியாது. இந்திய ராணுவம் 1984 முதல் நிற்கும் சியாச்சின் பனியாற்றில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் உட்படப் பல படைப்பிரிவுகள் முறை வைத்துக் காவல் காக்கும் உயரங்களில், காற்றே எதிரி. ஆக்சிஜன் குறைவால் மூச்சு வேகமாக ஓடும். ஓட ஓட ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்சு விடு என்று மூளைத்தண்டை உந்துவது பெரும்பாலும் அந்த வாயுதான். அது குறைந்ததும் தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்றே போகும். ஆக்சிஜன் இறங்கும், திடுக்கிட்டு இழுத்து மூச்சு விடுவார், தூக்கம் கலையும். இரவெல்லாம் இது திரும்பத் திரும்ப நடக்கும். அசெட்டசோலமைடு என்ற மருந்து ரத்தத்தைச் சற்று அமிலமாக்கி அந்த உந்துதலைத் தக்கவைக்க உதவுகிறது. ஊரில் சாதாரணமாகத் தருகிற தூக்க மாத்திரைகளை அங்கே தொட யோசிக்க வேண்டும். சில வகை மாத்திரைகள் மூச்சை மேலும் மந்தமாக்கிவிடும்.

2017 மோதல்களுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நீர்ப்பரப்பில் ஓடும் கப்பல்களுக்கு உத்தரவு போட்டது: காவல் முறை உடல் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும், உறக்க நேரத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். 2020 அக்டோபரில் தரைப்படை வெளியிட்ட உடல்நலக் கையேட்டில் தூக்கத்துக்குத் தனி அத்தியாயமே இருந்தது. பகலில் சிறு தூக்கம் போடுவதை வெட்கப்படாமல் பரிந்துரைத்தது. பெரிய நடவடிக்கைக்கு முன் சில நாள் கூடுதலாகத் தூங்கிச் சேமித்து வைக்கலாம் என்றும் சொன்னது. இதற்கு அடிப்படை வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் 2009-இல் வெளியான பரிசோதனை. ஒரு வாரம் தினமும் பத்து மணி நேரம் படுத்தவர்கள், அடுத்த வாரம் மூன்று மணி நேரமே தூங்க விட்டபோதும் மற்றவர்களைவிடக் குறைவாகத் தடுமாறினார்கள், சீக்கிரம் மீண்டார்கள்.

உத்தரவு போட்டாயிற்று, கையேடும் வந்துவிட்டது. ஆனால் 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, போதிய தூக்கம் கிடைப்பதாகச் சொன்ன அதிகாரிகள் 14 சதவீதம்தான். காரணத்தை அறிய அந்தக் காவல் கணக்கையே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஐந்துக்குப் பத்து என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் பயிற்சி பெற்ற மூன்று பேர் போதும். மூன்றுக்கு ஒன்பது என்றால் நான்கு பேர் வேண்டும். நான்காவது ஆள் கப்பலில் இல்லை. இருந்தாலும் சுக்கானுக்கோ ரேடாருக்கோ தனியே நிற்கும் தகுதியை இன்னும் பெற்றிருக்க மாட்டார். அவருக்குப் பயிற்சி தர வேண்டியவர்கள் அந்த மூன்று பேரே, தங்கள் ஓய்வு நேரத்தில். கப்பலில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கடற்படையே கணக்கிட்ட எண்ணுக்கும் உண்மையில் ஏறிய ஆட்களின் எண்ணுக்கும் இடைவெளி இருப்பதாகவும், களைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்றும் தணிக்கை அறிக்கை எழுதியது.